பத்து நிமிடம் நின்று பேச ஓர் இடம்: வடசென்னையிலிருந்து முதல் காதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு

காதல் கதை எழுத ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "எழுதணும்னு இருக்குக்கா, ஆனா கதைதான் கிடைக்க மாட்டேங்குது." அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது: உங்கள் கதையில் வரும் அந்த இரண்டு பேரும் எங்கே நின்று பேசுவார்கள்?

கடற்கரை, காபி ஷாப், அவனுடைய கார் என்று பதில் வரும். சரி, அவன் கொருக்குப்பேட்டை, அவள் காலடிப்பேட்டை என்று வைத்துக்கொள்வோம். அவள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். குளியலறை நான்கு குடும்பத்துக்குப் பொது. எதிர்வீட்டு வாசலில் அவளுடைய பெரியம்மா காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். அவனுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இரண்டு காபிக்குக் கொடுக்கும் காசில் அவள் வீட்டில் ஒரு வேளைக் குழம்புக்கு மீன் வாங்கிவிடலாம். இப்போது சொல்லுங்கள், இவர்கள் எங்கே நின்று பேசுவார்கள்? எத்தனை நிமிடம்? யார் கண்ணில் படுவார்கள்? அவள் கையில் அப்போது என்ன இருக்கும், குடமா, ரேஷன் பையா, டிபன் கேரியரா?

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். பன்னிரண்டு வருடங்களில் பதினேழு நாவல்கள் எழுதியிருக்கிறேன். எல்லாமே இந்தக் கேள்வியில் பிறந்தவை. எங்கள் பக்கத்தில் காதலுக்கு மனசு இருக்கிறது, நேரமும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. இடம்தான் கிடைக்காது. அந்த இடத்தைத் தேடிப் போனால் கதையும் கூடவே வந்துவிடும் என்பது என் அனுபவம்.

முதலில் ஒரு வாரம் நடங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்குக் கதை எழுத வேண்டாம். உங்கள் பேட்டையில் இரண்டு பேர் பத்து நிமிடம் நின்று பேசினாலும் யாரும் கேள்வி கேட்காத இடங்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே மூன்று விஷயங்கள்: எந்த நேரம், யார் பார்ப்பார்கள், "இங்கே என்ன பண்றே" என்று கேட்டால் சொல்ல என்ன சாக்கு.

என் நோட்டிலிருந்து சில:

கொருக்குப்பேட்டை ரயில் நிலைய நடைமேடை. கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் பாதையும், சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் பாதையும் இங்கேதான் சேர்கின்றன. அதற்கப்புறம் தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், எண்ணூர் என்று கும்மிடிப்பூண்டி வரை ஒரே பாதை. அவளுக்குப் பாரிமுனையில் வேலை, அவனுக்கு சென்ட்ரல் பக்கம் வேலை. இரண்டு பேரும் வேறு வேறு வண்டியில் வந்து இங்கே இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாம். "வண்டியில ஏற முடியலம்மா, அவ்ளோ கூட்டம்" என்ற சாக்கை எந்த அம்மாவும் நம்புவார்.

அதே கொருக்குப்பேட்டையில் நான் கல்லூரி போன காலத்து ரயில்வே கேட். சரக்கு வண்டி வந்து கேட் போட்டுவிட்டால் சைக்கிளும் மீன்பாடி வண்டியும் ஆட்டோவும் நெருக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் நிற்பது யார் என்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எல்லார் கண்ணும் கேட் மேலேயே இருக்கும். என் நாவல்களில் மூன்று ஜோடிகள் அந்தக் கேட்டில்தான் முதல் வார்த்தை பேசியிருக்கிறார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்கள். அவ்வளவு கூட்டத்தில் தனிமை கிடைக்கும் என்பதைப் புதிதாக எழுதுகிறவர்கள் யோசிப்பதே இல்லை. கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒரு குடும்பத்தில், யாருக்கோ எடுத்த புடவையை அவள் தோளில் போட்டுப் பார்க்கிறாள். எதிர்க் கடையில் துணி மடித்துக்கொண்டிருப்பவன் அதைப் பார்க்கிறான். ஒரு அத்தியாயம் கையில் வந்துவிட்டது.

பாரிமுனையில் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் அத்தோ கடைகள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸில் கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், தொட்டுக் குடிக்க வாழைத்தண்டு சூப். நின்றபடியேதான் சாப்பிட வேண்டும். ஒரு தட்டு முடிய ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். இரண்டாவது தட்டு சொல்வதா வேண்டாமா என்று அவன் தயங்குகிறானே, அந்தத் தயக்கத்தை எழுதுங்கள்.

லாரித் தண்ணிக்குக் குடம் போட்ட வரிசை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு இருப்பவர்கள் டீ குடிக்கும் இடம். ராயபுரம் மேம்பாலத்தின் கீழ். இவை போதும், மீதி உங்களுடையதாக இருக்கட்டும்.

வயதானவர்களையும் கேளுங்கள். பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துக் காதலித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஷிப்ட் விட்டு வெளியே வரும் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டையை அடையாளம் கண்டுபிடிப்பது எப்படி என்று ஓர் ஆயா எனக்குச் சொன்னார். அந்தக் காட்சியை என்னால் கற்பனை செய்தே எட்டியிருக்க முடியாது.

இங்கேயே நடந்த ஒரு பெரிய காதல்

வெளியூர் அருவிகளையும் பனிமலைகளையும் தேடிப் போவதற்கு முன், திருவொற்றியூர் கோயிலுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். உள்ளே ஒரு மகிழமரம் இருக்கிறது. பெரியபுராணம் சொல்லும் கதை அந்த மரத்தடியில்தான் நடக்கிறது.

சுந்தரர் திருவொற்றியூருக்கு வருகிறார். கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருக்கும் சங்கிலியைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறார். அவருக்கு ஏற்கெனவே திருவாரூரில் பரவை என்ற மனைவி. சங்கிலி கேட்பது ஒன்றுதான்: என்னை விட்டுப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர் ஒரு வழி யோசிக்கிறார். சத்தியம் செய்யும் நேரத்தில் சன்னிதியில் இல்லாமல் மகிழமரத்தில் போய் இரு என்று இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவனும் சரி என்கிறார். ஆனால் சங்கிலியிடமும் போய், மகிழடியில் சத்தியம் செய்யச் சொல் என்று சொல்லிவிடுகிறார். சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்ய நேர்கிறது. பிறகு வசந்த காலம் வருகிறது, திருவாரூர் நினைவு வருகிறது, சொல்லைமீறிப் புறப்படுகிறார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போய்விடுகிறது.

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றும் அதை நடத்துகிறார்கள். நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். காதல் கதையின் கட்டுமானத்தை நான் கற்றுக்கொண்டது அங்கேதான். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை இருக்கிறது, இருவருக்குமே பயமும் இருக்கிறது. ஒரு வாக்குறுதி இருக்கிறது. அதை எங்கே நின்று கொடுக்கிறார்கள் என்பதுதான் முழுக்கதையையும் திருப்புகிறது. சன்னிதியில் சொன்னால் ஒரு கதை, பத்தடி தள்ளி மரத்தடியில் சொன்னால் வேறு கதை.

எனக்கு இன்னும் அடங்காத ஒரு கேள்வியும் அங்கே இருக்கிறது. அவர் போன பிறகு சங்கிலி என்ன செய்தாள்? மறுநாள் காலையில் பூத்தொடுக்க வந்தாளா? சொல்லப்பட்ட கதைகளில் எல்லாம் இப்படி ஒருத்தியின் பக்கம் பாதியில் நிற்கும். உங்கள் அம்மாவின் கதையில், அத்தையின் கதையில், தெருவில் "அவளுக்கென்ன" என்று ஒற்றை வரியில் முடித்துவிடும் பெண்ணின் கதையில் அப்படி நின்ற இடத்தைத் தேடுங்கள். எனக்கு நாவலின் விதை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிடைக்கிறது.

நடுவில் நிற்பது எது?

இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள், இடமும் கிடைத்துவிட்டது. இனி அவர்களுக்கு நடுவில் நிற்பது எது என்று முடிவு செய்ய வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தப்பான புரிதலைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவன் வேறு யாரோடோ பேசுவதை அவள் பார்த்துவிட்டாள், இருநூறு பக்கம் அழுகிறாள். ஒரு போன் போட்டுக் கேட்டால் தீர்ந்துவிடுகிற தடை ஒரு நாவலைத் தாங்காது. என் முதல் கதையை நான் அப்படித்தான் எழுதினேன், இப்போது படித்தால் எனக்கு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

தடையை வாழ்க்கையிலிருந்து எடுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், வலை பின்னுவதும் மரவேலை, பெயின்ட் வேலை பார்ப்பதுமாக இருப்பார்கள். இப்போது உங்கள் நாயகன் விசைப்படகில் வேலை செய்பவன். வருடத்தில் மற்ற நாட்களில் கடலுக்குப் போனால் பல நாள் கழித்துத்தான் கரைக்கு வருவான். அவளைத் தினமும் பார்க்க முடிகிற ஒரே காலம் இந்த 61 நாட்கள்தான். அவன் கையில் காசில்லாத காலமும் அதே 61 நாட்கள்தான். பெண் கேட்டுப் போகவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஜூன் 14 இரவு என்று ஒரு கெடு தானாகவே கதைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதில் வில்லனே தேவையில்லை.

பழைய அகப்பாடல்களையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். குறுந்தொகையில் 401 பாட்டு, காதலிக்கிற இரண்டு பேருக்கும் பெயரே இருக்காது. அகப்பாட்டில் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயரில்லாமலேயே அவர்களை நமக்குத் தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் நண்டும் புன்னையும் உப்பங்கழியும் மீன் காயும் மணலும் பேசுகின்றன. நாம் இருப்பது நெய்தல் நிலம், அதற்கு உரிய உணர்வு இரங்கல். கடலுக்குப் போனவனை நினைத்துக் கரையில் இருப்பவள் வருந்துவது. காசிமேட்டில் இன்றைக்கும் அதுதானே நடக்கிறது? கையில் செல்போன் வந்திருக்கிறது, சிக்னல் கிடைக்கும் தூரம் வரைக்கும் பேச்சு. அதற்கு அப்பால் அதே இரங்கல்தான்.

தெரிந்துகொண்டு எழுதுங்கள்

காதல் கதைதானே என்று தகவலில் அலட்சியம் காட்டாதீர்கள். 2019இல் நடக்கிற கதையில் நாயகி தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால், எங்கள் ஊர் வாசகி அந்த வரியிலேயே நின்றுவிடுவாள். மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டது 2021 பிப்ரவரி 14 அன்றுதான். காதலர் தினத்தில் திறந்தார்கள், அதையும் ஒருவர் கதையாக்கலாம்.

அதிகம் தவறு நடப்பது கல்யாணத்தில். பத்துக்கு எட்டு கைப்பிரதிகளில் ஜோடி காலையில் ஓடிப்போய், பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு, மதியம் மாலையோடு வீட்டு வாசலில் நிற்பார்கள். 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அப்படி முடியாது. முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுப்பவர்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்களாவது குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸை அலுவலகத்தில் ஒட்டுவார்கள், 30 நாட்கள் பொறுத்திருக்க வேண்டும், அப்புறம் மூன்று சாட்சிகளோடு கல்யாணம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும். மதம் மாறாமல் கல்யாணம் செய்ய நினைக்கும் வேறு வேறு மதத்து ஜோடிக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. அந்த 30 நாட்களும் அவர்கள் பெயர் ஒரு பலகையில் இருக்கும். தெரிந்தவர் யாராவது வேறு வேலையாக அங்கே வந்து அதைப் படித்துவிட்டால்? நீங்கள் ஒரு வரியில் தாண்டிய இடத்தில் ஒரு நாவலே இருக்கிறது.

இருவரும் இந்துக்கள் என்றால் இன்னொரு வழி நம் மாநிலத்துக்கே உரியது. 1967இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம் செல்லும். புரோகிதர் வேண்டியதில்லை. எந்த முறையில் நடந்த கல்யாணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 2009ஆம் வருடத்துச் சட்டம். இதையெல்லாம் கதையில் விளக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் காட்சி சரியாக விழும்.

காசிமேட்டுக்குப் போகிறீர்கள் என்றால் விடியலுக்கு முன்பே போங்கள். ஏலம் மும்முரமாக நடக்கும்போது யாரையும் கேள்வி கேட்காதீர்கள், அது அவர்கள் சோற்று நேரம். ஓரமாக நின்று கேளுங்கள், மோந்து பாருங்கள், கால் நனையட்டும். கூட்டம் தணிந்ததும் ஒரு மீன்கார அம்மாவிடம் மீன் வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். நோட்டை வெளியே எடுக்காதீர்கள், வீட்டுக்கு வந்து எழுதுங்கள். யாராவது தன் சொந்தக் காதலைச் சொன்னால் பெயரையும் தெருவையும் மட்டும் மாற்றினால் போதாது. அவர் வீட்டுக்காரர் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சம்பவத்தையே மாற்றிவிடுங்கள்.

பேச்சு

எல்லார் வாயிலும் "இன்னாமே" போட்டால் வடசென்னை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. எங்கள் பக்கம் ஒரே ஒரு பேச்சு இல்லை. காசிமேட்டு மீனவக் குடும்பத்தின் பேச்சு ஒரு மாதிரி. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்களின் தமிழ் வேறு. சௌகார்பேட்டை சேட்டு பேசும் தமிழ், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் பேசும் தமிழ், பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பாட்டியின் தமிழ், ஒவ்வொன்றும் வேறு. ஒரே பெண் நர்சிங் கல்லூரியில் ஒரு மாதிரியும், வீட்டுக்கு வந்ததும் ஒரு மாதிரியும் பேசுவாள். கோபம் வந்தால்தான் அவள் வாயில் "இன்னா" வரும். அந்த மாற்றத்தை எழுதினாலே ஆள் உயிரோடு வந்து நிற்பாள்.

நடையை எல்லாருக்கும் புரியும் எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, பேச்சில் மட்டும் அந்தந்த ஆளின் வாயைக் கொடுங்கள். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் படிப்பார்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு வட்டாரச் சொல் இருந்தால் சூழ்நிலையிலேயே புரிந்துகொள்வார்கள்.

காதலைச் சொல்லும் இடத்தில் காதல் என்ற சொல்லே வராமல் எழுதிப் பாருங்கள். நாளைக்குக் காற்று அதிகம் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது, அவன் கடலுக்குக் கிளம்புகிறான் என்று வையுங்கள்.

"காத்து ஜாஸ்தியா இருக்கும்னு சொல்றாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் போறியா?"

"டீசல் போட்டாச்சு."

அவள் கொஞ்ச நேரம் அவன் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேரியர் எங்கம்மாது. பத்திரமா எட்னு வந்து குடு."

பயிற்சிக்காக எழுதிய ஆறு வரிதான். இதை எழுதிய பிறகு எனக்கு அந்த இரண்டு பேரையும் விட மனசு வரவில்லை, இப்போது அவர்களை வைத்து ஒரு நாவல் போய்க்கொண்டிருக்கிறது.

ஊடலும் நெருக்கமும்

திருக்குறள் 133 அதிகாரங்களில் கடைசி அதிகாரம் ஊடலுவகை. அத்தனை பெரிய நூல், சண்டை போட்டுக்கொண்டு சமாதானம் ஆகிற சந்தோஷத்தில் போய் முடிகிறது. உங்கள் நாவலிலும் நல்ல ஊடல் ஒன்றாவது வேண்டும். அதில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். படிக்கிறவள் ஒரு பக்கம் அவனுக்காகவும் அடுத்த பக்கம் அவளுக்காகவும் பேச வேண்டும்.

ஒன்று மட்டும் கட்டாயமாகச் சொல்கிறேன். மிரட்டி, அறைந்து, தூக்கிக்கொண்டு போய்த் தாலி கட்டி, பிறகு அவள் மனம் மாறுகிற கதைகளுக்கு வாசகர்கள் நிறைய. ஆன்ட்டி ஹீரோ என்று அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. நான் எழுத மாட்டேன், உங்களையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். எங்கள் தெருக்களில் அப்படிக் கட்டிய தாலியோடு வாழ்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் யாருடைய மனமும் முப்பதாவது அத்தியாயத்தில் மாறவில்லை. முரடனை எழுதலாம், தவறு செய்கிறவனை எழுதலாம். அவள் வேண்டாம் என்று சொல்லும்போது அவன் நிற்க வேண்டும். அப்படி நிற்கிறவனை வாசகி எவ்வளவு நேசிக்கிறாள் என்று நீங்களே பார்ப்பீர்கள். பள்ளிச் சீருடைக் காதலும் வேண்டாம்.

நெருக்கமான காட்சியை எவ்வளவு தூரம் எழுதுவது என்பது உங்கள் விருப்பம். இடமே இல்லாத வீட்டில் புதிதாகக் கல்யாணமான இருவர் என்ன செய்வார்கள் என்று யோசியுங்கள். அடுத்த பாயில் மாமியார், நடுவில் ஒரு புடவைத் திரை. அங்கே ஒரு விரல் தொடுவதே பெரிய சம்பவம்.

நீங்கள் எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள்?

காதலர்களுக்குக் கேட்ட அதே கேள்வி இப்போது உங்களுக்கு. தனி அறையும் மேசையும் கிடைத்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் நம் பக்கத்தில் யாரும் எழுத முடியாது. நான் முதல் நான்கு நாவல்களை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், போனில் எழுதினேன். காலை நாலரைக்கு எழுந்து, தண்ணீர் வரும் ஆறு மணி வரை. இப்போது லேப்டாப் இருக்கிறது, நேரம் மட்டும் அதேதான்.

கணக்கு எளிது. தினம் 500 சொற்கள், வாரம் ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 3,000. பதினைந்து வாரத்தில் 45,000 சொற்கள், ஒரு நடுத்தர நாவல். ஏழாவது நாள் எழுதாதீர்கள், நடக்கப் போங்கள்.

போனிலோ கணினியிலோ யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், பிழை திருத்தியே ஒரு மாதம் போய்விடும். விரல் பழக்கம் இல்லாதவர்கள் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்வது நல்லது, சில வாரங்களில் கை வந்துவிடும். போனில் பேசித் தட்டச்சு செய்யும் வசதி நடைக்கு உதவும். வட்டாரப் பேச்சை அது தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடுவதால் உரையாடலைக் கையால் அடியுங்கள். ஒவ்வொரு நாளும் எழுதியதை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். தண்ணீரில் விழுந்த ஒரு போனோடு என் பதினொரு அத்தியாயங்கள் போயின.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று நிறையப் பெண்கள் கேட்கிறார்கள். கதையில் வருகிற எல்லாமே எழுதியவளுக்கு நடந்தது என்று நினைக்கிற வழக்கம் இருக்கிறது, அதனால்தான் புனைபெயர்கள். வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நான் சொன்னது என் மாமியாரிடம். மீன் விற்றுக் குடும்பத்தைக் கரையேற்றியவர், படிக்கத் தெரியாது. தினமும் மத்தியானம் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஏலக் காட்சி ஒன்றை வாசித்தபோது, "அங்க யாரும்மா இவ்ளோ நிதானமா முழுசா பேசுவாங்க?" என்று கேட்டார். அந்த அத்தியாயத்தின் வாக்கியங்களை எல்லாம் பாதியாக வெட்டினேன். அவர் போய் மூன்று வருடமாகிறது. இப்போதும் எழுதி முடித்ததைச் சத்தமாக வாசித்துத்தான் திருத்துகிறேன். வாய் தடுக்கும் இடத்தில் வாக்கியத்தில் ஏதோ கோளாறு இருக்கும்.

வெளியிடும்போது

தொடராகச் செயலிகளில் போடுவது வாசகர்களைச் சேர்க்க நல்ல வழி. ஆனால் பாதி நாவலாவது கையில் முடித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். "யூடி எப்போ சிஸ்?" என்று, அதாவது அடுத்த அத்தியாயம் எப்போது என்று, நூறு பேர் கேட்கும் அவசரத்தில் எழுதுகிற அத்தியாயம் உங்களுடையதாக இருக்காது.

அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூலை நீங்களே ஏற்றலாம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அவர்களுடைய சுயபதிப்புத் தளமான கேடிபியில் செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த நாவலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. செயலியில் போட்ட தொடரை எடுக்க மறந்துவிட்டுச் சிக்கலில் மாட்டியவர்களை எனக்குத் தெரியும். அச்சுப் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண் தேவைப்பட்டால், நம் நாட்டில் அதை அரசு இலவசமாகத் தருகிறது. அதற்குக் காசு கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள்.

என் முதல் அச்சு நாவலை ஒரு பதிப்பகத்துக்கு வாய்ப்பேச்சில் கொடுத்தேன். ஒரு சிறு தொகை தந்தார்கள். பிறகு அதை வேறு மூன்று நாவல்களோடு சேர்த்துத் தொகுப்பாகப் போட்டு விற்றார்கள், எனக்கு ஒரு பிரதிகூட வரவில்லை. அன்று எனக்குத் தெரியாத விஷயங்களை நீங்கள் இன்றே தெரிந்துகொள்ளுங்கள். எழுதிய அந்த நிமிடமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுளுக்குப் பின் 60 வருடம் வரை அது இருக்கும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் ஐந்து வருடம் என்று கொள்வார்கள். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, உரிமை உங்களிடமே திரும்பிவிடும்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் வருடம், நாடு, தொகை மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சு, மின்னூல், ஒலிப்புத்தகம், திரை உரிமை நான்கும் தனித்தனி. "அனைத்து உரிமைகளும்" என்று ஒற்றை வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, கொடுப்பதை மட்டும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். யூடியூபில் நாவல்களைக் கேட்பவர்கள் இப்போது ஏராளம், ஒலி உரிமையை இலவச இணைப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். புனைபெயரில் எழுதினாலும் ஒப்பந்தத்தில் உங்கள் சொந்தப் பெயர் இருக்கட்டும். ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, ஜெராக்ஸ் ஒன்று எடுத்து, இடங்களை எழுதி வைத்தீர்களே அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.